பூமி வீசும் விசிறி

மே மாதத்து இரவு, பதினொரு மணி. சென்னையில் ஒரு சின்ன அறை. சிறுகதை ஒன்றை வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். முதலில் ஜன்னலைச் சாத்தினேன். தெருநாய்கள் பாதி அடங்கின. அடுத்து சீலிங் ஃபேனை நிறுத்தினேன். இரண்டே நிமிடத்தில் முதுகில் வியர்வை இறங்கியது. மைக்கை இயக்கி ஹெட்ஃபோனை மாட்டிய பிறகுதான் அறையில் இன்னொரு ஆசாமியும் இருப்பது தெரிந்தது. மேசைக்கு அடியில் கம்ப்யூட்டர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பகலில் அந்த ஓசை காதில் விழுந்ததே இல்லை. அது ஒரே சீராக இருந்திருந்தால் மென்பொருளை வைத்துப் பிறகு அழித்திருக்கலாம். ஆனால் காற்றோட்டம் நின்ற அறை சூடேறச் சூடேற, பிராசஸர் மேல் இருந்த குட்டி விசிறி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனது. கதையின் முதல் பக்கத்தில் முணுமுணுத்தது மூன்றாம் பக்கத்தில் இரைந்தது. கதாநாயகி அழுகிற இடத்தில், பின்னணியில் ஒரு விமானம் புறப்பட்டுப் போனது.

அந்த விசிறியைக் கழற்றிவிட்டால் என்ன? கழற்றலாம். விசிறியே இல்லாத பிராசஸர் கூலர்கள் விற்பனைக்கு இருக்கின்றன. முழங்கை நீளத்தில் பாதி உயரம் இருக்கும் உலோகத் தகட்டு அடுக்கு, நாலைந்து செப்புக் குழாய்கள். சுற்றுகிற பொருள் ஒன்றுகூட இல்லை. ஆனால் விசிறியை எடுத்ததும் அது பார்த்துவந்த வேலை காணாமல் போய்விடாது. வேறு யாராவது அதைச் செய்தாக வேண்டும். அந்த வேறு யார் என்பதைத் தேடித்தான் இந்த அத்தியாயம் போகிறது.

பிராசஸருக்குள் போகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. பல்புக்குக் கொடுத்தால் ஒரு பங்காவது வெளிச்சமாகும். மோட்டாருக்குக் கொடுத்தால் எதையாவது சுழற்றும். சில்லு கணக்குப் போடுகிறது. போட்ட கணக்குக்கு எடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. 65 வாட் உள்ளே போனால் 65 வாட் சூடு வெளியே வரும். பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவுதானே, இதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று தோன்றும்.

வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 750 வாட் பெட்டியின் அடித்தகடு சுமார் 170 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாலரை வாட்டுக்கும் குறைவு. 65 வாட் பிராசஸரின் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு ஒன்றரை சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 43 வாட். சட்டையைப் பொசுக்குகிற பெட்டியைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு நெருக்கம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நிற்பவர்களைச் சென்னை முழுக்கப் பரப்பிவிட்டால் ஒருவருக்கும் இடைஞ்சல் இருக்காது. அத்தனை பேரும் ஒரே தெருவில் நிற்பதுதான் சிக்கல். கூலரின் தொழில் கூட்டத்தைக் கலைத்து ஊர் முழுக்க அனுப்புவது.

இந்த நெரிசல் ஆதியிலிருந்தே இருந்ததில்லை. 1989-இல் இன்டெல் 486 வந்தபோது பல கம்ப்யூட்டர்களில் சில்லு மொட்டைத் தலையோடுதான் உட்கார்ந்திருந்தது. 1993-இல் வந்த முதல் பென்டியம் 15 வாட்டைத் தொட்டது. தலையில் விசிறி ஏறியது. 2004-இல் பென்டியம் 4 வகைகளில் சில 100 வாட்டைத் தாண்டிவிட்டன. ட்ரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்குத் தேவையான மின்னழுத்தமும் கூடவே குறையும், ஆகவே அதே பரப்பில் எத்தனை நெருக்கி வைத்தாலும் சூடு கூடாது என்று ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் காட்டியிருந்தார்கள். முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்கு அரைகுறையாகவேனும் ஓடியது. பிறகு ட்ரான்சிஸ்டர்கள் மிகச் சிறிதாகி, மூடிய குழாயில் சொட்டுவதுபோல மின்சாரம் கசிய ஆரம்பித்ததும் மின்னழுத்தத்தை அதற்கு மேல் இறக்க முடியவில்லை. சில்லுகளின் வேகப் பந்தயம் அங்கே நின்றது. விசிறி மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, விசிறி அங்கே என்னதான் செய்கிறது? பலர் நினைப்பதுபோல அது எதையும் குளிர்விப்பதில்லை. சூடான காற்றை இடத்தைவிட்டு நகர்த்தி, புதுக் காற்றுக்கு வழிவிடுகிறது, அவ்வளவே. வெப்பத்தைக் கொண்டுபோவது காற்றுதான். கணக்குப் போட்டால், 60 வாட் சூட்டைச் சுமக்கும் காற்று வெறும் 15 டிகிரிதான் சூடேறலாம் என்றால், விநாடிக்கு சுமார் மூன்றரை லிட்டர் காற்று வேண்டும். விசிறி இல்லாத கம்ப்யூட்டரிலும் அந்த மூன்றரை லிட்டர் எங்கிருந்தாவது வந்தே ஆக வேண்டும்.

இதற்கான விடை ஓர் அகல் விளக்கில் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று வாசலில் வைக்கிற விளக்கை ஒரு நிமிடம் கவனியுங்கள். எண்ணெய் கீழே கிடக்கிறது. திரி அதை மேலே இழுக்கிறது. பம்பு இல்லை, புவியீர்ப்புக்கு எதிராகத்தான் எண்ணெய் ஏறுகிறது. திரியின் நுனியில் சுடர் நிமிர்ந்து நிற்கிறது, கூம்பாக, மேல் நோக்கி. சுடரை அப்படி நிமிர்த்துவது புவியீர்ப்பு. முதலாவது ஈர்ப்பை மீறுகிறது, இரண்டாவது ஈர்ப்பினால் நடக்கிறது. விசிறி இல்லாத கூலர் என்பது இந்த இரண்டையும் உலோகத்தில் செய்துவைத்தது. கீழ்ப்பாதி திரி, மேல்பாதி சுடர்.

திரியிலிருந்து தொடங்குவோம். ஒன்றரை சதுர சென்டிமீட்டரில் இருக்கும் சூட்டை, பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் தகடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். செப்பு நல்ல கடத்தியாயிற்றே, கெட்டியான செப்புக் கம்பிகளை வைத்துவிட்டால் போதாதா? 6 மில்லிமீட்டர் பருமன், 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பியை எடுத்துக்கொள்வோம். அதன் வழியாகப் பத்தே வாட் போக வேண்டுமென்றால், ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 130 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும்! ஆறு கம்பிகளை வைத்து 60 வாட் அனுப்பினால் தகடுகள் இளஞ்சூட்டில் இருக்கும்போதே சில்லு செத்திருக்கும்.

கூலர்களில் இருக்கும் செப்புக் குழாய்கள் பார்வைக்குக் கம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே கூடு. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீரை விட்டு, இரு முனைகளையும் அடைத்திருப்பார்கள். உட்சுவரில் செப்புத் தூளை வெப்பத்தில் இறுக வைத்து ஒட்டிய ஒரு நுண்துளைப் பூச்சு. இதுதான் வெப்பக் குழாய். காற்று இல்லாததால் உள்ளே அழுத்தம் மிகக் குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 40, 50 டிகிரியிலேயே ஆவியாகும். சில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் பகுதியில் ஆவியான நீர், குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே மறுபடி தண்ணீராகிச் சூட்டைக் கொட்டிவிடும். அந்தத் தண்ணீரை நுண்துளைப் பூச்சு திரியைப் போல உறிஞ்சி, புறப்பட்ட இடத்துக்கே இழுத்துவரும். இப்படியே ஓயாத சுற்று.

தண்ணீரை ஆவியாக்குவதற்கு எவ்வளவு சூடு தேவை என்பது ரசத்தைச் சுண்ட வைத்தவர்களுக்குத் தெரியும். கொதி வருவதற்கு ஐந்து நிமிடம். பாதியாக வற்றுவதற்கு அதைவிடப் பல மடங்கு. ஒரு கிராம் தண்ணீர் 50 டிகிரியில் ஆவியாக ஏறத்தாழ 2,380 ஜூல் வேண்டும். ஆகவே 60 வாட்டைச் சுமக்க நிமிடத்துக்கு ஒன்றரை கிராம் ஆவியானால் போதும். எட்டு மணி நேரம் அதே மும்முரத்தில் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தால், மொத்தத்தில் முக்கால் லிட்டர் தண்ணீர் ஆவியாகித் திரும்பியிருக்கும். உள்ளே இருப்பதோ சில சொட்டுகள்தான். அவையே நூற்றுக்கணக்கான முறை போய் வந்திருக்கும். முனைக்கு முனை வித்தியாசம் 130 டிகிரியிலிருந்து இரண்டு மூன்று டிகிரியாகக் குறைந்துவிடுகிறது.

இந்தக் குழாய் கம்ப்யூட்டருக்காகப் பிறந்ததில்லை. 1942 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ரிச்சர்ட் காக்லர் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அவர் மனத்தில் இருந்தது குளிர்பதனப் பெட்டி. நீர்மத்தை, அது குளிர்ந்து சேரும் இடத்தைவிட உயரமான இடத்துக்குப் பம்பு இல்லாமல் ஏற்ற முடியுமா என்பது அவருடைய கேள்வி. திரியைப் போன்ற அமைப்பால் முடியும் என்பது விடை. 1944-இல் காப்புரிமை கிடைத்தது. கிடைத்து என்ன, யாரும் சீண்டவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1963-இல், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் க்ரோவர் அதையே தனியாக மறுபடி கண்டுபிடித்தார். அவருக்கு இருந்தது விண்வெளிப் பிரச்சினை: விண்கலத்தில் வைக்கும் அணுஉலையின் சூட்டை, பம்பும் ஈர்ப்பும் இல்லாத இடத்தில் எப்படி நகர்த்துவது? ‘ஹீட் பைப்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். 1967-இல் தண்ணீர் நிரப்பிய குழாய் ஒன்று பூமியைச் சுற்றியபடியே வேலை செய்து காட்டியது. அலாஸ்காவில் எண்ணெய்க் குழாய்ப் பாதையின் தூண்களுக்கு அடியில் உறைந்திருக்கும் நிலம் இளகிவிடாதபடி காப்பதும் இதன் உறவுக்காரக் குழாய்கள்தான்.

திரியின் பகுதி இத்தோடு முடிந்தது. சூடு தகடுகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கடினமான பாதி இனிமேல்தான்.

30 டிகிரி வெயில் நாளில் ஒரு லிட்டர் காற்றின் எடை 1.16 கிராம். அதையே 50 டிகிரிக்குச் சூடேற்றினால் விரிந்து, லிட்டருக்கு 1.09 கிராம் ஆகும். வித்தியாசம் 70 மில்லிகிராம். சுற்றியிருக்கும் கனமான காற்றைப் பூமி சற்றே அதிகமாக இழுக்கிறது. அது கீழே இறங்கி, லேசான காற்றை மேலே தள்ளுகிறது. சூடான காற்று மேலே போகும் என்று பள்ளியில் சொல்லித் தருகிறோமே, அது தானாகப் போவதில்லை, தள்ளப்படுகிறது. தண்ணீருக்குள் அமுக்கிய பந்து மேலே வருவதும் இப்படித்தான். ஆக, விசிறி இல்லாத கம்ப்யூட்டருக்கு விசிறி வீசுவது பூமி.

ஆனால் எவ்வளவு மெல்லிய வீச்சு! 15 சென்டிமீட்டர் உயரத் தகடுகளுக்கு இடையில் இந்த 70 மில்லிகிராம் உண்டாக்கும் அழுத்த வித்தியாசம் ஒரு பாஸ்கலில் பத்தில் ஒன்று. நம்மைச் சுற்றியுள்ள வளிமண்டல அழுத்தத்தில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. சாதாரண 120 மில்லிமீட்டர் கம்ப்யூட்டர் விசிறி தன் உச்சத்தில் 15, 20 பாஸ்கல் வரை தரும். அதாவது விசிறியின் இடத்தில் அதைவிட நூற்றைம்பது இருநூறு மடங்கு நோஞ்சானான ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறோம். அவருக்கு வசதியாகத்தான் மற்ற எல்லாவற்றையும் மாற்றியமைக்க வேண்டும்.

முதலில் இடைவெளி. விசிறியோடு வரும் கூலர்களில் தகடுகள் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும். பரப்பளவு அதிகம், விசிறி எப்படியும் காற்றைத் திணித்துவிடும். ஈர்ப்பின் கையால் அங்கே காற்றை நுழைக்க முடியாது. தகட்டை ஒட்டிய காற்று மெல்லிய போர்வையைப்போல அதைப் பற்றிக்கொண்டு நிற்கும்; இரண்டு தகடுகளின் போர்வைகளும் நடுவில் முட்டிக்கொண்டால் ஓட்டம் நின்றுவிடும். மிகவும் தள்ளி வைத்தாலோ தகடுகளின் எண்ணிக்கை குறையும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை, நெதர்லாந்தில் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த எலென்பாஸ் தகடுகளை வைத்து அளந்து பார்த்து 1942-இல் எழுதினார். காக்லர் காப்புரிமை கேட்ட அதே ஆண்டு. போர் நடந்துகொண்டிருந்தபோது அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும், ஒருவரை ஒருவர் அறியாமல், இன்று என் மேசைக்கடியில் இருக்கும் விசிறியில்லாக் கூலரின் இரண்டு பாதிகளை இருவர் செய்துகொண்டிருந்தார்கள். எலென்பாஸின் வழியில் கணக்கிட்டால், 15 சென்டிமீட்டர் உயரமும் காற்றைவிட 30 டிகிரி கூடுதல் சூடும் உள்ள தகடுகளுக்கு ஏழு எட்டு மில்லிமீட்டர் இடைவெளி பொருத்தமாக வருகிறது.

அடுத்தது பரப்பு. தானாக எழும் காற்று, ஒரு சதுர மீட்டரிலிருந்து, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் ஐந்து வாட் அளவுக்குத்தான் சூட்டை வாங்கிக்கொள்ளும். 40 டிகிரி வித்தியாசத்தில் 60 வாட்டை விட வேண்டுமென்றால் 0.3 சதுர மீட்டர் தேவை. நாளிதழின் ஒன்றரைப் பக்கத்தை உலோகத்தில் செய்து, மடித்து, பிராசஸர் தலையில் வைக்க வேண்டும் என்று அர்த்தம். இந்தக் கூலர்கள் ஏன் இப்படி அநியாயத்துக்குப் பெரிதாக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் நாளிதழைத்தான் விரித்துக் காட்டுவேன்.

மூன்றாவது, தகடுகள் நிற்கும் நிலை. விசிறியில்லாக் கூலருக்கு மாறிய பிறகு ஒரு நாள் கேபிள் ஒன்றை மாட்டுவதற்காகக் கேபினெட்டைப் பக்கவாட்டில் படுக்கவைத்தவன், அப்படியே விட்டுவிட்டுக் காணொளி ஒன்றை மாற்றும் வேலையைத் தொடங்கிவிட்டேன். வழக்கமாக அமைதியாக இருக்கும் வெப்ப எண் ஏறிக்கொண்டே போனது. தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதோ, திருகு தளர்ந்துவிட்டதோ என்று பதறிக்கொண்டிருந்தேன். தகடுகள் செங்குத்தாக நிற்பதற்குப் பதில் அலமாரித் தட்டுகளைப்போலக் கிடைமட்டமாகப் படுத்திருந்ததுதான் காரணம். மேலே போக வேண்டிய காற்றுக்கு ஒவ்வொரு தகடும் ஒரு கூரை. பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை. எண் இறங்கியது. விசிறி வைத்த கம்ப்யூட்டருக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. இதற்குத் தெரியும்.

தெர்மல் பேஸ்ட் என்றதும் ஒரு வார்த்தை. இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் நடுவில் நுண்ணிய காற்றுக் குழிகள் இருக்கும். காற்று செப்பைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு மோசமான கடத்தி. அந்தக் குழிகளை நிரப்பத்தான் பசை. தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற அளவே போதும். சட்னி ஊற்றுகிற அளவு வேண்டாம்.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றுக்கும் உருவம் கொடுத்தது போன்ற ஒரு பொருள் நோக்டுவா என்ற ஆஸ்திரிய நிறுவனத்தின் என்.எச்.-பி1. நோக்டுவா என்றால் லத்தீனில் ஆந்தை. நிறுவனத்தின் சின்னமும் ஆந்தைதான். ஓசையின்றிப் பறக்கும் பறவை. கம்ப்யூட்டர் விசிறிகளுக்கே பெயர்பெற்ற நிறுவனம், விசிறி இல்லாத கூலர் ஒன்றை 2019-இல் தைபேயின் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியில் காட்டி, 2021 ஜூனில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆறு வெப்பக் குழாய்கள், தடித்த தகடுகள், தாராளமான இடைவெளி, எடை 1.18 கிலோ. அவர்கள் அதன் மேல் இத்தனை வாட்டைத் தாங்கும் என்று ஓர் எண்ணை அச்சடிக்கவில்லை. இது நேர்மையான முடிவு என்றே நினைக்கிறேன். காற்றோட்டமான பெட்டி, அடைசலான பெட்டி, அறையின் சூடு இவற்றைப் பொறுத்து அதே கூலர் வேறு வேறு கூலராகிவிடும்.

அறையின் சூடு என்பது நமக்குப் பெரிய விஷயம். பிராசஸர் 95 டிகிரி வரை தாங்கும் என்றும், கூலர் ஒவ்வொரு வாட்டுக்கும் ஒரு டிகிரி ஏறும் என்றும் எளிமையாக வைத்துக்கொள்வோம். 22 டிகிரியில் இருக்கும் வியன்னா அறையில் 73 வாட் வரை தாக்குப்பிடிக்கும். 36 டிகிரியில் இருக்கும் சென்னை அறையில் 59 வாட்தான். ஒரே பொருள், ஒரே விலை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்ந்த அறையில் சோதித்து எழுதுகிறவர்களின் எண்களை அப்படியே நம்பி கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் பட்டியலோடு கிளம்புகிறவர்கள் இந்தப் பதினான்கு வாட்டை மனத்தில் கழித்துக்கொள்ள வேண்டும்.

பெரிய உலோகக் கட்டிக்கு இன்னொரு குணமும் உண்டு. அடி கனமான பாத்திரத்தில் பால் சீக்கிரம் பொங்காது அல்லவா? ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கூலரின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த 900 ஜூல் அளவுக்குத் தேவைப்படும். பிராசஸர் திடீரென்று ஒரு நிமிடம் 100 வாட் கூடுதலாக எரித்தாலும் உலோகம் ஏழு டிகிரிதான் ஏறும். நம் கம்ப்யூட்டர் வேலை பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான்: ஒரு கோப்பைத் திறக்கும்போது ஒரு வெடிப்பு, பிறகு நாம் படித்துக்கொண்டிருக்கும் நீண்ட ஓய்வு. வெடிப்பை உலோகம் விழுங்கிக்கொள்ளும், ஓய்வில் மெதுவாக வெளியே விடும். மணிக்கணக்கில் முழு மூச்சாக ஓடும் வேலைக்குத்தான் இது தாங்காது.

கதிர்வீச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சூடான எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். பளபளக்கும் அலுமினியம் இதில் மகா கஞ்சன், வீச வேண்டியதில் இருபதில் ஒரு பங்கைத்தான் வீசும். அதையே மின்வேதிப் பூச்சு கொடுத்து மங்கலாக்கினால் ஐந்தில் நான்கு பங்கு வீசும். கருப்பு நிறம்தான் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அகச்சிவப்புக்கு நம் கண்ணின் நிறங்கள் பொருட்டே இல்லை. வெள்ளை பெயின்ட்டும் கருப்பு பெயின்ட்டும் ஏறத்தாழ ஒன்றுதான். அதோடு, உள்ளே இருக்கும் தகடு வீசுவது எதிரில் நிற்கும் தகட்டின் மேல்தான் விழும். அது திருப்பி இதன் மேல் வீசும். அண்டைவீட்டார் இருவர் ஒரே நூறு ரூபாயை மாறி மாறிக் கடன் கொடுத்துக்கொள்வதுபோல. வெளியே பார்க்கும் பரப்புகள் மட்டும்தான் உண்மையில் செலவு செய்கின்றன.

விசிறியை வெறுத்தவர்களில் பேர்போனவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 1977-இல் வந்த ஆப்பிள் II-இல் விசிறி இல்லை. ராட் ஹோல்ட் வடிவமைத்த, அதிகம் சூடாகாத மின்வழங்கி அதைச் சாத்தியமாக்கியது. துணிச்சல் கூடியது. 1980-இல் வந்த ஆப்பிள் III-இல் விசிறியும் இல்லை, காற்றுத் துளைகளும் இல்லை. கனமான வார்ப்பு அலுமினிய அடிப்பெட்டியே சூட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். சில்லுகள் சாக்கெட்டிலிருந்து எழும்பிக்கொண்டன. இரண்டு மூன்று அங்குலம் தூக்கி, தொப்பென்று மேசையில் போடுங்கள், சரியாகிவிடும் என்று நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு வைத்தியம் சொன்னது. சூட்டில் விரிந்து சுருங்கியதுதான் காரணம் என்பது அன்றைய விளக்கம். மதர்போர்டின் குறையைச் சொன்னவர்களும் உண்டு. எப்படியானாலும், ஊர்ப்பக்கம் டிவியைத் தட்டிச் சரிசெய்த நம் மாமாக்களுக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் கிடைத்த தருணம் அது.

இருபது ஆண்டுகள் கழித்து, 2000-இல், அதே ஜாப்ஸ் காட்டிய பவர் மேக் ஜி4 க்யூப் வேறு ரகம். கண்ணாடி போன்ற அக்ரிலிக்கில் தொங்கும் இருபது சென்டிமீட்டர் கனசதுரம். கீழே காற்று நுழைய வழி, நடுவில் செங்குத்தான சூட்டுத் தண்டு, மேலே திறப்பு. சுத்தமான புகைபோக்கி. ஈர்ப்பைப் புரிந்துகொண்டு செய்த வேலை, அழகும்கூட. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைச் சேகரிப்பில் வைத்திருக்கிறது. ஆனால் தட்டையான மேல்பரப்பு கொண்ட எந்தப் பொருளின் மேலும் மனிதர்கள் காகிதத்தை வைப்பார்கள் என்பதை எந்தப் புகைபோக்கியாலும் தடுக்க முடியாது. விலையும் அதிகம், அக்ரிலிக்கில் விரிசல் போலக் கோடுகள் என்று புகார்கள் வேறு. 2001 ஜூலையில் உற்பத்தி நின்றது.

ஒரு மனக்கணக்கு விளையாட்டுக்காக, என்.எச்.-பி1 மாட்டிய கம்ப்யூட்டரைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்புவோம். அங்கே அகல் விளக்கை ஏற்ற முடிந்தால், எண்ணெய் திரியில் வழக்கம்போல ஏறும். சுடர் நிமிராது. மேல் என்று ஒன்று இல்லாததால் அது நீல நிறத்தில் மங்கலான உருண்டையாக நிற்கும். மெழுகுவத்தியை வைத்துச் செய்த சோதனைகளில் அப்படித்தான் நின்றது. கூலருக்கும் அதே கதிதான். வெப்பக் குழாய்கள் சிரமமே இல்லாமல் ஓடும், அவை மறுபிறவி எடுத்ததே அதற்காக. தகடுகளைச் சுற்றிய காற்று மட்டும் சூடாகி, எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நிற்கும். சில நிமிடங்களில் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தவழும். விண்வெளி நிலையத்தில் கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, தூங்குகிற மனிதருக்கும் விசிறி வேண்டும். இல்லையென்றால் அவர் விட்ட மூச்சே அவர் முகத்தருகே குளமாகத் தேங்கும். ஓயாத விசிறி இரைச்சல் அங்கே நிரந்தரப் புகார். மௌனமான கம்ப்யூட்டர் பூமியிலிருப்பவர்களுக்குக் கிடைத்த சலுகை.

பூமியிலிருப்பவர்களுக்கு நல்ல காலமும் வந்திருக்கிறது. சில்லுகளே சாதுவாகிவிட்டன. 2020-இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் விசிறி இல்லை, ஓர் அலுமினியத் தகடுதான். எழுத்து வேலை செய்பவருக்கு அதன் வேகம் தாராளம். இன்டெல்லின் என்100 போன்றவை 6 வாட் தகுதியில் வருகின்றன. உள்ளங்கை அளவுப் பெட்டியே கூலராகிவிடும். பெரிய பிராசஸரானாலும் மின்னழுத்தத்தைப் பத்து சதவீதம் குறைத்து ஓட்ட முடிந்தால், மின் செலவு அதன் வர்க்கத்தில் இறங்குவதால், 19 சதவீதம் சூடு மிச்சம். விசிறியில்லாக் கம்ப்யூட்டர் கட்ட விரும்புகிறவருக்கு என் சிபாரிசு, பணத்தை முதலில் குறைந்த வாட் பிராசஸரில் போடுங்கள், உலோகத்தில் அப்புறம். ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் ஓசை ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். நிமிடத்துக்கு 500 சுற்றில் ஓடும் பெரிய விசிறி ஒரு மீட்டர் தள்ளிக் கேட்பதே அரிது, அது கொண்டுவரும் காற்றோ பூமி தருவதைவிடப் பல மடங்கு. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். முழுப் பூஜ்யம் வேண்டும் என்பது என்னைப் போல மைக் முன் உட்கார்பவர்களின் பிடிவாதம்.

நான் மாற்றிக் கட்டிய கம்ப்யூட்டரில் விசிறி இல்லை, சுழலும் ஹார்டு டிஸ்க் இல்லை, மின்வழங்கியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் விசிறி இல்லை. முதல் இரவு இயக்கியபோது, ஓடுகிறதா என்று சந்தேகப்பட்டு விளக்கைப் பார்த்துக்கொண்டேன். பகலில் மேலே சீலிங் ஃபேன் மூன்றில் ஓடும்போது, அந்தக் காற்று கேபினெட்டின் திறந்த முதுகு வழியாகத் தகடுகளைத் தொட்டுப் போகிறது. வெப்ப எண் நன்றாகக் கீழே நிற்கிறது. அறுபது வாட் சூட்டை, எனக்காக ஓடும் ஐம்பது அறுபது வாட் விசிறி ஒன்று, கேட்காமலே வாங்கிப் போகிறது. விசிறி இல்லாக் கம்ப்யூட்டர் என்று நண்பர்களிடம் பெருமை அடிக்கும்போது அதை நான் குறிப்பிடுவதில்லை. இரவில் ஒலிப்பதிவுக்காக அதை நிறுத்தியதும் எண் மெல்ல ஏறத் தொடங்கும். சிறுகதைக்கு நாற்பது நிமிடம். உலோகத்தின் எடை அதுவரை தாங்குகிறது. நாவல் வாசிக்க ஆரம்பித்தால் அத்தியாயத்துக்கு ஒருமுறை நானும் அதுவும் சேர்ந்து காற்று வாங்க வேண்டியிருக்கிறது.

புதுப் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டபோது விமானம் இல்லை. அதன் இடத்தில், முன்பு விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருந்த மெல்லிய ரீங்காரம். மதர்போர்டில் உள்ள கம்பிச் சுருள்கள், மின்சாரம் ஏறி இறங்கும்போதெல்லாம் காந்த விசையில் அதிர்கின்றன. பீங்கான் மின்தேக்கிகளும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப இம்மி அளவு விரிந்து சுருங்கிப் பாடுகின்றன. சுட்டெலியை நகர்த்தினால் சுருதி மாறுகிறது. அதற்கும் அப்பால் பல்லி ஒன்று இரண்டு முறை உச் கொட்டியது. அதைப் பதிவிலிருந்து நான் அழிக்கவில்லை.